பதினாறாவது கட்டம்

குற்றச்சாட்டு: 1987 அக்டோபர் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, மாநில அமைச்சரவை அலுவலகத்தின் பதினான்காம் அறையில் பணியிலிருந்த அதிகாரி, ஓகே-ரூவா வட்டத்தில் வசிக்கும் மனு எழுத்தர் ஜோசையா அஜிபோலாவை நோக்கி, அவர் முந்தைய சிவில் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர் என்றும், ஆகவே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்றும் வாயால் சொன்னார். அதையே எழுத்தில் தருமாறு கேட்டபோது மறுத்தார். மனுதாரர் தம் வாழ்நாளில் ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட அமைச்சராக இருந்தவர் அல்லர்.

மனுவோடு மனுதாரரின் முழு வரலாற்றையும் இணைக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. கீழே வருவது அந்த வரலாறு. இதில் மனுதாரருக்கு எதிரான ஆவணங்களே மிகுதி. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தயாரித்தவரும் மனுதாரரே.

ஜோசையா அஜிபோலா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அதன் பிறகு கற்றதெல்லாம் தலைமைச் செயலகம் குப்பையில் போட்ட அரசிதழ்களிலிருந்து கற்றது. 1961 முதல் செயலகத்தின் எதிர்ப்புறம், பாதாம் மரத்தடியில், ஒரு மேசையும் தட்டச்சுப்பொறியும் போட்டு மனு எழுதி வந்தார். நிலத் தகராறு, மாறுதல் கேட்கும் ஆசிரியர், கணவனைத் தேடும் மனைவி என்று யார் வந்தாலும் மூன்று பிரதிகள் அடிப்பார். ஒன்று அரசுக்கு, ஒன்று வந்தவருக்கு, மூன்றாவது அவருடைய இரும்புப் பெட்டிக்கு. பெட்டிகள் ஏழானபோது அவருடைய மனைவி ஃபெஹின்டோலா பேசாமல் இருக்கவில்லை.

"குன்லே அப்பா, இந்த வீட்ல நகலெல்லாம் கட்டில்ல தூங்குது. மனுசங்க பாயில படுக்கறோம். யாரு யாரப் பெத்தாங்கன்னே தெரியல."

மரத்தடியில் உட்கார்ந்தபடியே அவர் பார்த்த அரசுகள் பல. பிரதேச அரசின் அமைச்சர்கள் தரையைக் கூட்டும் அங்கிகளோடு படியேறியதைப் பார்த்தார். 1966இல் அதே படியில் ராணுவ பூட்ஸுகள் ஏறியதையும், பிரதேசம் மாநிலங்களாக வெட்டப்பட்டதையும், ராணுவ ஆளுநர்கள் தத்தம் அமைச்சரவைகளோடு வந்து கலைந்ததையும், 1979இல் அங்கிகள் திரும்பி வந்ததையும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அறைக்கதவுகளில் இருந்த பெயர்ப்பலகைகளைக் கழற்ற அதே தச்சர்தான் வருவார். உள்ளே மாறியவை எவையென்று அஜிபோலாவுக்குத் தெரியாது. வெளியே அவருக்கு மாறியது ஒன்றே: முகவரி. 'மாண்புமிகு' இருந்த இடத்தில் 'மேன்மைமிகு மேஜர்' என்று அடிக்க வேண்டும். கீழே கையொப்பத்துக்கு மேலுள்ள 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்ற வரி மட்டும் எந்த ஆட்சியிலும் மாறியதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அந்த வரியை அடித்த விரல்கள் அவை. மனு புறப்படும் இடத்திலேயே உட்கார்ந்திருந்த அவருக்கு, ஒரு முறையாவது மனு வந்து சேரும் இடத்தில் உட்கார வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. இந்த வரலாற்றில் நடப்பவை எல்லாம் அந்த ஆசையால் நடந்தவை. அதை அவர் அப்போது ஒப்புக்கொண்டதில்லை.

ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் அவர் ஒரு காலண்டர் போடுவார். ஒரே தாள். மேலே ஆளுநரும் துணை ஆளுநரும், நடுவில் வரிசைக்கு நான்காகக் கட்டம் கட்டி அமைச்சர்களின் முகங்கள், அடியில் பன்னிரண்டு மாதங்கள். முடிதிருத்தகம், சோற்றுக்கடை, லாரி நிறுத்தம் என்று அது தொங்காத சுவர் ஊரில் இராது. யார் எந்த அமைச்சர் என்று ஊருக்குத் தெரிந்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான். ஓர் அமைச்சர் நீக்கப்பட்டால் கடைக்காரர்கள் அவர் முகத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிடுவார்கள். செத்துப்போனாலும் அப்படியே. ஆகவே காலண்டரில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால், ஆளைத் தூக்கிவிட்டார்கள் அல்லது ஆள் போய்விட்டார் என்றே ஊர் பொருள் கொள்ளும்.

1983 அக்டோபரில் புதிய சிவில் அமைச்சரவை பதவியேற்றது. அமைச்சர்கள் பதினைந்து பேர். கல்வித்துறை தங்களுக்கே வேண்டும் என்று இரண்டு ஊர்கள் மல்லுக்கு நின்றதால் அந்த இடத்தை ஆளுநர் நிரப்பாமல் விட்டிருந்தார். நான்கு வரிசை, பதினாறு கட்டம், பதினைந்து முகம். அச்சகத்தில் அதன் உரிமையாளர் அல்ஹாஜி சாலாமியின் முன் அஜிபோலா அந்தத் தாளை விரித்தார்.

"அல்ஹாஜி, ஒரு கட்டம் காலியா நிக்குதே. யாரையோ தூக்கிட்டாங்கன்னு ஊரே கிளம்பிடும்."

"அரசு முத்திரையப் போட்டு அடைச்சுடு."

"முத்திரை மேலயே இருக்கு."

"அப்ப ஒரு பூ போடு."

"அமைச்சரவைல பூவா?"

"ஏன்? மூணாவது வரிசையப் பாரு. அங்க இருக்கற மூஞ்சிகளுக்குப் பூ எவ்வளவோ தேவல."

அஜிபோலா சற்று யோசிப்பவர்போல நின்றார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு ஒரு புகைப்படத்தை எடுத்தார். 1978இல் ஸ்டூடியோவில் இரவல் அங்கியும் இரவல் தொப்பியுமாக எடுத்தது. அன்று அது எப்படிச் சட்டைப்பையில் இருந்தது என்பதற்கு மனுதாரரிடம் விளக்கம் எதுவும் இல்லை.

"கட்டத்த அடைக்கத்தான், அல்ஹாஜி. தொகுத்தவன் படம் ஒரு ஓரத்துல இருந்தா தப்பில்லையே."

"தப்பில்ல. ஆனா இது ஓரமில்ல, நிதி அமைச்சருக்குப் பக்கத்துல."

"கட்டம் அங்கதானே காலியா இருக்கு."

மறுநாள், பிழை திருத்துவதற்கான மெய்ப்புத்தாள் வந்தது. அச்சுக்கோப்பவர் பதினைந்து பெயர்களுக்கும் முன்னால் 'மாண்புமிகு' கோத்த அதே வேகத்தில் பதினாறாவதுக்கும் கோத்துவிட்டார். 'மாண்புமிகு ஜே. ஏ. அஜிபோலா, தொகுப்பு' என்று இருந்தது. அந்த மெய்ப்புத்தாள் இம்மனுவின் முதல் இணைப்பு. அதில் மனுதாரர் சிவப்பு மையில் செய்த திருத்தங்கள் பதினொன்று. பொதுப்பணி அமைச்சரின் பெயரில் விடுபட்ட ஒரு புள்ளி, ஜூன் மாதத்தில் சாய்ந்திருந்த ஒரு எண், இரண்டு வரிகளுக்கிடையே மயிரிழை அளவு கூடிய இடைவெளி ஆகியவை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தம் பெயருக்கு முன்னாலிருந்த நான்கெழுத்தும் ஒற்றும் எப்படித் தப்பின என்பதை மேற்படி அதிகாரியே தீர்மானிக்கட்டும்.

காலண்டர் டிசம்பர் 29 அன்று கடைகளுக்குப் போனது. 31 அன்று காலை ஃபெஹின்டோலா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"குன்லே அப்பா, ரேடியோல பேண்டு வாசிச்சுக்கிட்டே இருக்காங்க. பேச ஆளே வரல."

"பேண்டு மட்டும் வாசிச்சா அரசாங்கம் மாறிடுச்சுன்னு அர்த்தம். காகிதத்த எடு, முகவரி மாத்தணும்."

'மேன்மைமிகு ராணுவ ஆளுநர் அவர்களுக்கு' என்று அடித்து, பெயருக்கு இடம் விட்டு, நண்பகலுக்குள் நாற்பது தாள்களைத் தயார் செய்துவிட்டார் அஜிபோலா. அந்த நகரில் அன்று அவ்வளவு ஆயத்தமாக இருந்தவர் வேறெவரும் இருக்க முடியாது. சுவர்களில் தொங்கிய காலண்டர் மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

பதவியிலிருந்தவர்கள் அனைவரும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சரணடைய வேண்டும் என்று வானொலி சொன்னது. அஜிபோலா சரணடையவில்லை. எதற்காகச் சரணடைவார்? வடக்கே ஒரு முகாமிலிருந்து அனுப்பப்பட்ட லெஃப்டினென்ட் பிட்ருஸுக்கு இந்த ஊர் முகங்கள் எவையும் தெரியாது. ஜனவரி இரண்டாம் தேதி அவர் சவரத்துக்காக லசிசியின் முடிதிருத்தகத்தில் உட்கார்ந்தார். பிறகு நடந்ததை லசிசியே அஜிபோலாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறான் ('ஓகா' என்றால் எஜமான்).

"கண்ணாடில பாத்துக்கிட்டே இருந்தவரு, 'செவுத்துல இருக்கறது யாரெல்லாம்'னாரு. 'அமைச்சருங்க, ஓகா'ன்னேன். 'எல்லாருமா'ன்னாரு. 'எல்லாருந்தான் ஓகா, எண்ணிப் பாருங்க, பதினாறு'ன்னேன். எனக்கு எழுத்து தெரியாது. எண்ணத் தெரியும். அது போதாதா உங்கள உள்ள தள்ள?"

ஜனவரி நான்காம் தேதி காலை, அஜிபோலா பயற்று வடையும் சோளக்கஞ்சியுமாக உட்கார்ந்திருந்தபோது லெஃப்டினென்ட் வாசலில் நின்றார். கையில் காலண்டர். பதினைந்து முகங்களின் மேல் பென்சில் கோடு விழுந்திருந்தது.

"நான் அமைச்சர் இல்ல, சார்."

"முந்தாநாள் பொதுப்பணி அமைச்சரப் புடிச்சோம். அவரு தன்னோட டிரைவருன்னாரு. நேத்து விவசாய அமைச்சர். அவரு தன் பொண்டாட்டியோட சமையக்காரருன்னாரு. நீங்க யாரு?"

"மனு எழுதறவன்."

"பரவால்ல, இது புதுசு." அவர் காலண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "தொகுப்புன்னு போட்டிருக்கே. அது என்ன இலாகா?"

"இந்தக் காலண்டரத் தொகுத்தது நான், சார். அதத்தான் போட்டிருக்கு."

"காலண்டர் போட ஒரு அமைச்சரு." லெஃப்டினென்ட் பக்கத்திலிருந்த சார்ஜண்டிடம் திரும்பினார். "எழுதிக்கோ. நாம எதுக்கு வந்தோம்னு நாளைக்கு யாராவது கேட்டா இதக் காட்டு."

ஃபெஹின்டோலா குறுக்கே வந்தாள். "ஆபீசர் தம்பி, இவர் அமைச்சரா இருந்தா நான் இந்தக் கூரைக்குக் கீழயா இருப்பேன்? மழை வந்தா உள்ள ஒரு தடவ வந்து நில்லுங்க."

"மறைச்சு வெச்சிருப்பாரும்மா. உங்களுக்கே தெரியாம."

அந்தச் சந்தேகம் அவள் முகத்திலும் ஒரு கணம் ஓடியதை அஜிபோலா கண்டார். இருபது ஆண்டு மணவாழ்வில் அவள் அவரை அவ்வளவு மரியாதையோடு பார்த்தது அப்போதுதான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விடுதியைச் சுற்றி முள்கம்பி போட்டு அமைச்சர்களை வைத்திருந்தார்கள். லெஃப்டினென்ட் அஜிபோலாவை முற்றத்தில் நிறுத்தி, இவர் உங்களில் ஒருவரா என்று கேட்டார். பதினைந்து பேரும் ஒரே குரலில், இவரைப் பார்த்ததே இல்லை என்றார்கள். அதை லெஃப்டினென்ட் குறித்துக்கொண்டார்: 'சகாக்கள் பதினைவரும் இவரைக் காட்டிக்கொடுக்க மறுக்கின்றனர். இலாகா ரகசியமானதாக இருக்கலாம்.' இது இரண்டாம் இணைப்பு.

லெஃப்டினென்ட் போனதும், பொதுப்பணி அமைச்சராக இருந்த சீஃப் அரோவோலோ கிட்ட வந்தார்.

"நெஜமா நீ யாருய்யா?"

"உங்க படத்தக் காலண்டர்ல போட்டவன், சீஃப்."

"மூணாவது வரிசைல என்னைப் போட்டது நீதானா?"

"படம் வந்து சேந்த வரிசை, சீஃப்."

"ஆளுநர் வீட்டுப் பின்வாசல் வழியாப் போய் வர்றவன் நான். என்னை மூணாவது வரிசைல வெச்சவன் உள்ள இருக்க வேண்டியவன்தான். போய் ஒரு கட்டில் பாத்துக்கோ."

முதல் சில நாள்கள் ஒழுங்கில்லாமல் கழிந்தன. குளிக்கத் தண்ணீர் யாருக்கு முதலில், மாமர நிழலில் எந்த நாற்காலி யாருடையது, வெந்தும் வேகாத காராமணியைப் பற்றிக் காவலரிடம் யார் பேசுவது என்று ஓயாத சண்டை. கடைசியில் சீஃப், பழைய வழக்கப்படி புதன்தோறும் காலை பத்து மணிக்கு அமைச்சரவை கூடட்டும் என்றார். கூடியது. பத்தே நிமிடத்தில் அது சந்தையானது. அஜிபோலாவால் தாங்க முடியவில்லை. சிகரெட் அட்டைகளைப் பிரித்து அடுக்கி, ஒரு பென்சில் துண்டை வாங்கி, கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். பொருள் ஒன்று, பொருள் இரண்டு, தீர்மானம், நிறைவேற்றப் பொறுப்பாளர். அதன் பிறகு குளியலறை வரிசை ஒருநாளும் தவறவில்லை. மாநிலத்தை ஆண்ட காலத்தில் இப்படி ஒரு ஆள் கிடைத்திருந்தால், என்று நிதி அமைச்சர் பெருமூச்சு விட்டதும் குறிப்பில் இருக்கிறது.

இங்கே ஒரு நடைமுறை உண்டு. குறிப்பெழுதும் செயலாளரின் பெயரைக் கூட்டக் குறிப்பின் அடியில், 'உடனிருந்தவர்' என்ற தலைப்பின் கீழ்தான் போட வேண்டும். மேலே 'வருகை தந்த உறுப்பினர்கள்' என்ற பட்டியலில் போடக் கூடாது. அஜிபோலாவுக்கு இது தெரியும். பிறர் இந்தத் தவற்றைச் செய்தபோது கண்டித்து மனு எழுதியவர் அவர். முதல் இரண்டு கூட்டங்களில் தம் பெயரை அடியில்தான் போட்டார். மூன்றாவது கூட்டத்தில், காவலரிடம் ரேடியோ கேட்பதா கால்பந்து கேட்பதா என்ற வாக்கெடுப்பில் ஏழுக்கு ஏழு வந்து, ஒருவர் வயிற்றுக்கோளாறால் படுத்திருக்க, எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நீ என்னய்யா சொல்ற?" என்றார் சீஃப்.

"எனக்கு வாக்கு இல்ல, சீஃப். முறைப்படி..."

"முறைய இங்க யாரு வெச்சிருக்கா? முள்கம்பி வெச்சிருக்கான். கையத் தூக்கு."

அஜிபோலா ரேடியோவுக்குக் கை தூக்கினார். எட்டுக்கு ஏழு. தீர்மானம் நிறைவேறியது. ரேடியோ வரவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய சொல்லால் ஒரு காரியம் தீர்ந்தது அதுவே முதல் முறை. அன்றைய குறிப்பிலிருந்து அவர் பெயர் மேலே ஏறிவிட்டது. மொத்தம் இருபத்தெட்டுக் கூட்டங்கள், மூன்றாம் இணைப்பு. விடுதலையின்போது காவலர்கள் மூலத்தைப் பறித்துக்கொண்டார்கள். நகல் இல்லாமல் அஜிபோலா எதையும் எழுதியதில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்டில் விசாரணைக் குழு அவர் வீட்டைச் சோதித்தது. ஏழு பெட்டிக் காகிதம், ஒரு தட்டச்சுப்பொறி, ஒழுகும் கூரை. குழுவின் தலைவர் மிகவும் நெகிழ்ந்துபோனார். விடுதலை ஆணையில் இப்படி எழுதினார்: 'முன்னாள் அமைச்சர் (தொகுப்பு) மாண்புமிகு ஜே. ஏ. அஜிபோலா, கலைக்கப்பட்ட அமைச்சரவையில் தம்மை வளப்படுத்திக்கொள்ளாத ஒரே உறுப்பினர். கறையற்றவராக விடுவிக்கப்படுகிறார்.' இது நான்காம் இணைப்பு. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதை முதல் பக்கத்தில் போட்டது.

அந்த ஆணையிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டி இரண்டு பக்கத்துக்கு ஓர் உரை தயாரித்துக்கொண்டுதான் அஜிபோலா ஓகே-ரூவாவில் பேருந்திலிருந்து இறங்கினார். நிறுத்தத்தில் மேளக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஊருக்கு வந்த அமைச்சரை மேளமில்லாமல் விடும் வழக்கம் அங்கே இல்லை. அடியின் ஏற்ற இறக்கத்தாலேயே பெயர்களைச் சொல்லும் மேளம் அது. முதலில் அவர் பெயரைப் பேசிய மேளம் பிறகு அவருடைய அப்பாவின் பெயரைப் பேசியது. அதன் பிறகு, பட்டினியாகச் செத்த தாத்தாவின் பெயரை எடுத்து, அரசரின் பெயரைச் சொல்வதுபோல மூன்று முறை நீட்டிச் சொன்னது. உரை சட்டைப்பையில் இருந்தது. அஜிபோலா ஆடினார். அந்த இரண்டு பக்கங்களும் இன்னும் அவரிடம் உள்ளன. அவருடைய பெட்டிகளிலேயே தேதி போடப்படாத ஒரே ஆவணம் அதுதான்.

மூன்றாண்டுகள் ஊர் அவரை 'ஆனரபிள்' என்றே கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

1987இல், கட்சிகள் இல்லாத உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் என்று ராணுவ அரசு அறிவித்தது. ஓகே-ரூவா வட்டத்தினர் அவரைத் தேடி வந்தார்கள். ஓடைமேல் பாலம் வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், கவுன்சிலராக நீங்கள்தான் வேண்டும் என்றார்கள். மனு வந்து சேரும் நாற்காலி தன் வாசலுக்கே நடந்து வந்துவிட்டதென்று அஜிபோலா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. படிவத்தைக் கொடுக்கப் போன இடத்தில் தேர்தல் அலுவலர் காலண்டரை நினைவு வைத்திருந்தார். முந்தைய ஆட்சியில் பதவி வகித்தவர்கள் நிற்கத் தடை உண்டு. அமைச்சராக இருந்ததில்லை என்று அமைச்சரவை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் ஏற்கலாம். வேட்புமனுவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 30, மாலை நான்கு மணி.

பதினான்காம் அறை அதிகாரி நல்லவர். மின்விசிறியை அஜிபோலாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னார் அமைச்சரா இருந்தாருன்னு சான்று தருவோம், ஆனரபிள். இருந்ததில்லன்னு தர எங்ககிட்ட படிவம் கிடையாது."

அஜிபோலா இதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தார். "அப்ப இருந்தேன்னே சான்று குடுங்க, சார். நியமன ஆணை எண், பதவியேற்ற தேதி ரெண்டையும் போட்டுக் குடுங்க."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுந்து போய் அரை மணி நேரம் தேடிவிட்டுத் தூசியோடு திரும்பினார். "உங்க நியமன ஆணை காணல."

"காணாமப் போகல, சார். கிடையாது."

"அப்படிச் சொல்ல முடியாது. எண்பத்தஞ்சு மழைல பாதிக் கோப்பு போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு ஆளுநர் மாறி, மூணு அமைச்சரவை கலைஞ்சு, ஒவ்வொரு தடவையும் அலமாரிய இடம் மாத்தினாங்க. உங்களோடது அதுல எங்கயாவது போயிருக்கும். ஆனா கவலைப்படாதீங்க." அவர் ஒரு கட்டை மேசைமேல் வைத்தார். சிகரெட் அட்டைகள். "இது பத்திரமா இருக்கு. இருபத்தெட்டுக் கூட்டம், ஒண்ணுலகூட நீங்க வராம இல்ல. அந்த அமைச்சரவைலயே வேற யாருக்கும் இந்த வருகைப்பதிவு கிடையாது."

"அது ஜெயில்ல எழுதினது, சார்."

"அமைச்சரவை எங்க கூடினா என்ன? எல்லாரும் இருந்தாங்களா இல்லையா?"

"இருந்தாங்க."

"நீங்க வாக்களிச்சீங்களா இல்லையா?"

இருபத்தாறு ஆண்டு மனு எழுத்தில் எதிர்த்தரப்பின் வாதம் இவ்வளவு கட்டுக்கோப்பாக இருந்து அவர் கண்டதில்லை. சொன்னதை எழுத்தில் தருமாறு கேட்டார். அதிகாரி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது ஃபெஹின்டோலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி, அவங்க கடிதம் குடுத்துட்டாங்கன்னே வெச்சுக்கோங்க. ஜோசையா அஜிபோலா எதுவும் இல்லன்னு முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க. ஊரு ஓட்டுப் போடறது யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கா, ஆனரபிளுக்கா?"

அஜிபோலா தட்டச்சுப்பொறியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"சொல்லிடுங்க," என்றாள் அவள். "ஆபீசுல சொல்றதுக்கு முன்னால இங்க சொல்லிடுங்க. அவங்க உங்கள எழுத்துல இல்லன்னு சொல்லி, நம்ம ஜனங்க அதப் பேப்பர்ல பாத்தா, நான் சந்தைக்கு எந்த வழியாப் போவேன்?"

அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்ட பிறகு, தொடக்கப்பள்ளி மைதானத்தில் வட்டத்தினர் கூடினார்கள். அஜிபோலா நின்றுகொண்டு படித்தார். மெய்ப்புத்தாளைக் காட்டினார், எதைத் திருத்தினார், எதைத் திருத்தவில்லை என்று சொன்னார். கூட்டக் குறிப்பில் பெயர் எப்போது மேலே ஏறியது என்று சொன்னார். மேளத்துக்கு ஆடியதையும் சொன்னார். தாம் ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை, இருந்தவர்போல இருந்துவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்று முடித்தார்.

பிறகு லசிசி பின்வரிசையிலிருந்து எழுந்தான்.

"இதுக்கா ஞாயித்துக்கெழம கூப்பிட்டீங்க? எங்களுக்குத் தெரியாதா? அந்த ஆட்சி எவ்வளவு கெட்டிருந்தாலும், உங்கள அமைச்சராக்கற அளவுக்குக் கெட்டுப் போகல."

மைதானம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அஜிபோலாவுக்குக் காது சுட்டது.

"தெரிஞ்சா ஏண்டா மூணு வருஷமா ஆனரபிள்னு கூப்பிட்டீங்க?"

"நீங்க திரும்பிப் பாத்தீங்கல்ல, அதான்."

எல்லாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த ஓகெடெங்பே பெரியவர் எழுந்தார். "நான் நம்பினேன். செயலகத்துல உனக்கு ஆள் இருக்கும், பாலம் வரும்னு நம்பினேன். இப்ப நீயும் எங்களாட்டம்தான்னா நான் எதுக்கு உனக்குப் போடணும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். அவரோடு பதினைந்து இருபது பேர் போனார்கள். அஜிபோலா அவர்களை அழைக்கவில்லை.

எஞ்சியவர்களுக்கு முன்னால் அவர் தட்டச்சு செய்து வந்திருந்த உறுதிமொழியை வைத்தார். 'கீழே கைநாட்டு வைத்துள்ள ஓகே-ரூவா வட்டத்தினராகிய நாங்கள், ஜோசையா அஜிபோலா எக்காலத்திலும், எவ்வாட்சியிலும், எப்பதவியிலும் இருந்ததில்லை என்று அறிவோம்.' மைப்பெட்டியைத் திறந்தார். முதல் ஆளாக யார் வருவது என்று கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபெஹின்டோலா முன்னால் வந்தாள்.

"இருபத்தி மூணு வருசமா கூட இருக்கேன். இவர் எதுவாவும் இருந்ததில்ல. எங்க வெக்கணும்?"

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. இடத்தைக் காட்டிக் காட்டி அஜிபோலாவின் ஆள்காட்டி விரலும் நீலமாயிற்று. நூற்று நாற்பத்து மூன்று கைநாட்டுகள். 'எதுவாகவும் இருந்ததில்லை' என்று ஒரு மனிதனுக்கு இவ்வளவு பேர் சாட்சி சொன்ன ஆவணம் அவருடைய ஏழு பெட்டிகளிலும் இல்லை. அவருக்கு வாக்களிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அது ஐந்தாம் இணைப்பு.

ஆகவே மனுதாரர் கோருவது யாதெனில்: மனுதாரர் அமைச்சராக இருந்தார் என்று அலுவலகம் கருதினால், அவரை நியமித்த ஆளுநரின் பெயர், ஆணை எண், பதவியேற்ற தேதி, இலாகா ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இருந்ததில்லை என்று கருதினால் அதையும், படிவம் இல்லாவிடினும், ஒரு வெள்ளைத்தாளில் ஒரே வரியில் எழுதிக் கையொப்பமிட்டு முத்திரையோடு தர வேண்டும். காலண்டர், கூட்டக் குறிப்பு, மேளம் ஆகிய மூன்றும் மனுதாரரின் சொந்தக் குற்றங்கள். அவற்றுக்குத் தனியே தண்டனை உண்டெனில் அதையும் எழுத்தில் ஏற்றுக்கொள்வார். வாய்மொழிப் பதில் பதிலாகக் கொள்ளப்பட மாட்டாது. இதற்கிடையே தற்போதைய அமைச்சரவை கலைக்கப்படுமாயின், அடுத்து வருவது எந்த ஆட்சியாயினும் அதன் அலுவலகம், 1987 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு முன்பாக, மனுதாரரின் மேற்கண்ட முகவரிக்கு எழுத்துமூலம் பதில் அனுப்ப வேண்டும்.